இடது கைக்கு நான் கொடுத்த எண்

அந்தப் பெண்ணின் இடது கையில் எந்தக் குறையும் இருந்ததில்லை. அவளுடைய துடுப்பில் நான் ஒட்டிக்கொடுத்த சென்சார்தான் தவறாகக் காட்டியது. இதை எழுத இரண்டு வரி போதுமாக இருக்கிறது. அவளிடம் வாய் திறந்து சொல்ல எனக்கு ஏழு வாரம் ஆனது.

திருப்பூரில் ஒரு துணிப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். ஏற்றுமதிக்குப் போகும் பின்னல் துணி எங்களிடம் வரும். துவைத்தால் எவ்வளவு சுருங்குகிறது, சாயம் விடுகிறதா, எவ்வளவு இழுத்தால் கிழிகிறது என்று பார்த்து, ரிப்போர்ட் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். இருபது வருடமாக அதே வேலை. நான் படித்தது கருவியியலில் டிப்ளமோ. என்றாவது ஒரு கருவியை நானே செய்வேன் என்று நினைத்துப் படித்தது. வேலைக்கு வந்தபிறகு யாரோ செய்த கருவியில் யாரோ பின்னிய துணியை மாட்டி, எண்ணைப் படித்துக்கொண்டிருந்தேன். வேலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் அந்த ஆசை உள்ளே கிடந்தது. நடந்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்பதால் சொல்கிறேன்.

ஒரு மத்தியானம், ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் லைஃப் ஜாக்கெட் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு எங்கள் கூடத்துக்கு வந்தார். அதன் வார்ப்பட்டையை உள்ளூரிலேயே தைக்கக் கொடுத்திருந்தாராம். ஆள் தொங்கினால் தாங்குமா என்று இழுத்துப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்றார். பட்டாளத்தில் இருந்தவர். அங்கே படகுப் போட்டி அணியில் இருந்து, ஓய்வு பெற்று அவிநாசிக்குத் திரும்பியிருந்தார். அத்திக்கடவுத் திட்டத் தண்ணீர் வந்து அவர் ஊர்ப் பக்கத்துக் குளம் நிறைந்ததும், இரண்டு பழைய கயாக் படகுகளை எங்கிருந்தோ வாங்கிவந்து பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தார்.

பட்டையை மெஷினில் மாட்டினேன். பட்டையைக் கவ்விய மேல் தாடை ஏற ஏற, கணினித் திரையில் ஒரு கோடு ஏறிக்கொண்டே போய், பட்டை அறுந்ததும் செங்குத்தாக விழுந்தது. நல்ல பட்டைதான், தாங்கும் என்றேன். அவர் பட்டையைப் பார்க்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங் சார், இதே மாதிரி துடுப்புக்குப் பண்ண முடியுமாங்க?" என்று கேட்டார். "ஒவ்வொரு ஸ்ட்ரோக்குக்கும் புள்ளைக எத்தன கிலோ இழுக்கறாங்கன்னு தெரிஞ்சா நல்லாருக்கும். எங்கிட்ட ஸ்டாப்வாட்ச் ஒண்ணுதானுங்க இருக்கு."

முடியுமா என்று யாராவது என்னைக் கேட்டு எத்தனை வருடம் ஆகியிருந்தது. "பண்ணிப்போடலாமுங்க" என்றேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை குளத்துக்குப் போனேன். கயாக் என்பது ஒருவர் மட்டும் உட்காரும் ஒல்லியான படகு. ஐந்து மீட்டர் நீளம் இருக்கும்; அகலம் இடுப்பு நுழையும் அளவுதான். அசைந்து உட்கார்ந்தால் கவிழ்ந்துவிடும். இரண்டு முனையிலும் தட்டு உள்ள ஒரே துடுப்பை வலது, இடது என்று மாற்றி மாற்றித் தண்ணீரில் போட்டு இழுக்க வேண்டும். ஒரு தடவை போட்டு இழுப்பதைத்தான் ஸ்ட்ரோக் என்கிறார்கள். இருநூறு மீட்டர் தூரத்துக்குச் சாயப்பட்டறைக் கேன்களைக் கழுவி, கயிற்றில் கட்டி மிதக்க விட்டிருந்தார் பயிற்சியாளர். தண்ணீருக்கு நடுவே பட்டுப்போன கருவேல மரங்கள் நின்றன.

அன்றைக்குத்தான் அவளை முதலில் பார்த்தேன். கல்லூரியில் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தாள். அம்மாவும் அப்பாவும் தெற்கத்திச் சீமையிலிருந்து வேலைக்கு வந்தவர்கள். அம்மா பனியன் கம்பெனியில் டெய்லர், அப்பாவுக்குச் சாயப்பட்டறையில் வேலை, குடியிருப்பது மண்ணரையில். காலை ஐந்தரை பஸ்ஸைப் பிடித்து வந்து, படகோட்டிவிட்டு, கல்லூரிக்கு ஓடுவாள். நான் பார்த்துக்கொண்டிருந்தபோது கேன்களை ஒட்டி ஒரு நூல் பிடித்தாற்போலப் படகு போயிற்று. அவள் தலை அசையவேயில்லை. "மாநில டீமுக்கு ட்ரையல் இருக்குதுங்க, இன்னும் பத்து வாரம்" என்றார் பயிற்சியாளர். "இந்தப் புள்ள போயிருமுங்க. எனக்கு நம்பிக்கை இருக்கு."

அவளுடைய துடுப்பை என்னிடம் கொடுத்தார்கள். கம்பில் வலது கைக்குப் பக்கத்தில் ஒன்று, இடது கைக்குப் பக்கத்தில் ஒன்று என்று நகக்கண் அளவுள்ள இரண்டு சென்சார்களை ஒட்டினேன். இழுக்கும்போது கம்பு கண்ணுக்குத் தெரியாத அளவு வளையும். அந்த வளைவைச் சென்சார் எண்ணாக அனுப்பும். அந்த எண்ணுக்கு எத்தனை கிலோ என்று கண்டுபிடிக்கத் துடுப்பை மேசையில் இறுக்கிக் கட்டி, தட்டில் தெரிந்த எடைகளைத் தொங்கவிட்டுப் பார்க்க வேண்டும். எங்கள் கூடத்திலேயே சான்றிதழ் பெற்ற எடைக்கற்கள் உண்டு. மதியச் சாப்பாட்டு நேரத்தில், மேனேஜர் வெளியே போயிருந்தபோது, வலது பக்கத்துக்கு ஐந்து, பத்து, பதினைந்து, இருபது என்று தொங்கவிட்டுக் குறித்துக்கொண்டேன். தட்டின் நடுவில் ஒரு டேப் ஒட்டி, கொக்கியைச் சரியாக அந்த இடத்தில் மாட்டினேன். அழகாக வந்தது.

இடது பக்கத்தை மறுநாள் செய்தேன். இடது தட்டின் வளைவில் கொக்கி நிற்கவில்லை. வழுக்கி வழுக்கி விழுந்தது. மேனேஜருடைய வண்டிச் சத்தம் கேட்டது. முனைக்குப் பக்கத்தில் மாட்டினால் நின்றது. அங்கேயே தொங்கவிட்டுக் குறித்துக்கொண்டேன். நடுவிலிருந்து அரைச் சாண் தள்ளி. எடை தள்ளித் தொங்கினால் கம்பு அதிகம் வளையும் என்பது எனக்குத் தெரியாததில்லை. டிப்ளமோ முதல் வருடத்திலேயே படித்தது. கணக்கில் அந்த அரைச் சாணைச் சேர்க்க வேண்டும் என்று நினைத்தேன். பிறகு போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அந்த வாரம் நாற்பது லாட் துணி வந்து இறங்கியது. போடவில்லை.

அதனால் அவள் இடது பக்கம் இருபத்திரண்டு கிலோ இழுத்தால், என் கருவி பதினேழரை என்று சொல்லும்.

முதல் சோதனை அன்று குளக்கரையில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் இருநூறு மீட்டர் போய்த் திரும்பினாள். திரையில் மலையும் பள்ளமுமாகக் கோடு வந்தது. உயரமான மலை வலது, குட்டையான மலை இடது. வலது இருபத்திரண்டு, இடது பதினேழரை. பயிற்சியாளர் குனிந்து பார்த்துவிட்டு என் தோளைத் தட்டினார். "இத்தன நாளு கண்ணுக்குத் தெரியவே இல்லீங்களே சார்" என்றார்.

அவள் தலையைத் துடைத்துக்கொண்டே திரையைப் பார்த்தாள். "படகு நேராத்தானுங்க சார் போச்சு. சுக்கான் பக்கமே கால் போகலை."

சுக்கானைக் காலால் திருப்புவார்கள். ஒரு கை பலவீனமாக இருந்தால் படகு அந்தப் பக்கம் ஒதுங்கும். காலால் திருத்திக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும். அவளுக்கு வந்தது சரியான சந்தேகம். பயிற்சியாளர் என்னைப் பார்த்தார். அப்போது நான் ஒரு நிமிடம் யோசித்திருந்தால் போதும்.

"உனக்கே தெரியாம கால் திருத்தியிருக்கும் கண்ணு" என்றேன்.

அவள் யோசித்தாள். "இருக்கலாமுங்க" என்றாள்.

அடுத்த நாள் தரையில் வைத்துச் சோதித்தார்கள். பெஞ்சில் குப்புறப் படுத்துக்கொண்டு, ஒரு கையால் கீழே இருக்கும் டம்பெல்லை இழுத்து மேலே தூக்க வேண்டும். இரண்டு கையிலும் ஒரே எடையைத்தான் தூக்கினாள். அதற்கும் பயிற்சியாளரிடம் பதில் இருந்தது. கையில் வலு இருக்கிறது, அது தண்ணீருக்குள் இறங்கவில்லை, இடது ஸ்ட்ரோக்கில் பழுது என்றார். அதற்கேற்பப் பயிற்சியை மாற்றினார். படகின் அடியில் சைக்கிள் டியூபைச் சுற்றிக் கட்டி, தண்ணீர் இழுத்துப் பிடிக்கும்படி செய்து, இடது பக்கம் மட்டும் ஸ்ட்ரோக் போட வைத்தார். கரையில், கருவேல மரத்தில் ரப்பர் பட்டையைக் கட்டி இடது கையால் இழுக்க வைத்தார். காலையில் இருநூறு தடவை, சாயங்காலம் வீட்டு ஜன்னல் கம்பியில் கட்டி இன்னொரு இருநூறு.

ஞாயிறுதோறும் போனேன். அவர்களுடைய வாட்ஸ்அப் குழுவில் என்னைச் சேர்த்திருந்தார்கள். பயிற்சியாளர் என் வரைபடத்தைப் போட்டு, நம்ம ஊர் விஞ்ஞானி செய்தது என்று எழுதியிருந்தார். அதை என் மனைவிக்குக் காட்டினேன். கூடத்தில் வேலை செய்யும் இரண்டு பேருக்கும் காட்டினேன்.

நான்காவது வாரத்தில், பின்னல் துணியை அழுத்திச் சீராக்கும் கம்பாக்டிங் யூனிட்டில் வேலை செய்யும் ஒருவர் புதிதாகப் பயிற்சிக்கு வந்திருந்தார். பந்து எறிவது, ஸ்பேனர் பிடிப்பது எல்லாம் இடது கையால் செய்பவர். மறுநாள் கல்லூரித் தேர்வு என்று அவள் வராததால், அவளுடைய துடுப்பை வாங்கிக்கொண்டு படகில் ஏறினார். அவருக்கும் வலது உயரம், இடது குட்டை. திரையைப் பார்த்துச் சிரித்தார். "என்னங்க இது, எனக்கு லெப்டுதானுங்க பலமே. உங்க மிஷினுக்குச் சோத்தாங்கைதான் புடிக்கும் போல."

பயிற்சியாளர் அப்போது தண்ணீருக்குள் கேன் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தார். அவர் காதில் விழவில்லை. நானும் சிரித்துவைத்தேன். கொக்கி, வண்டிச் சத்தம், அரைச் சாண் எல்லாம் ஒன்றாக நினைவுக்கு வந்தன.

துடுப்பைச் சரிபார்க்க வேண்டும் என்று சொல்லி எடுத்துக்கொண்டு வந்தேன். திங்கட்கிழமை மதியம் இடது தட்டின் நடுவில் டேப் ஒட்டி, கொக்கி வழுக்காமல் துணி சுற்றி, எடையைத் தொங்கவிட்டேன். இருபது கிலோவுக்குப் பதினாறு காட்டியது. எடையை மாற்றி மாற்றி மூன்று தடவை பார்த்தேன். பதினாறுதான்.

சாயங்காலம் மனைவியிடம் சொன்னேன். அவள் சேலையை மடித்துக்கொண்டிருந்தாள். மடிப்பதை நிறுத்தாமல் கேட்டாள். "அப்ப அந்தப் புள்ளைக்கு ஒண்ணுமே இல்லீங்களா?"

"ஒண்ணுமில்ல."

"நாளைக்கே போய்ச் சொல்லிப்போடுங்க. இதுல யோசிக்க என்ன இருக்குதுங்க."

யோசிக்க எனக்கு இருந்தது. விஞ்ஞானி என்று எழுதிய குழுவில் என்ன சொல்வது. ஒரு எடைக்கல்லை ஒழுங்காகத் தொங்கவிடத் தெரியாதவன் என்று ஆகிவிடும். கூடத்தின் எடைக்கற்களைக் கேட்காமல் எடுத்தது மேனேஜர் வரைக்கும் போனால், நான் கையெழுத்துப் போட்ட ரிப்போர்ட்டுகளையெல்லாம் சந்தேகப்படுவார்களோ என்றும் பயந்தேன். எனக்கு நானே ஒரு சமாதானம் கண்டுபிடித்தேன். கணக்கைத் திருத்திவிட்டால் இனி சரியான எண் வரும். சரியான எண் வந்தால் பயிற்சியாளரே இடது கைப் பயிற்சியை நிறுத்திவிடுவார். யாருக்கும் எதுவும் சொல்லத் தேவையில்லை. ஒரே ஒரு எண்ணை மாற்றிவிட்டுத் துடுப்பைத் திருப்பிக் கொடுத்தேன். பயிற்சியாளர் என்ன கோளாறு என்று கேட்டபோது, "பேட்டரி கொஞ்சம் டல்லுங்க" என்றேன்.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை சோதனையில் வலது இருபத்திரண்டு, இடது இருபத்து மூன்றரை. நான்கு வாரம் இழுத்த இழுப்பில் உண்மையிலேயே இடது கூடியிருந்தது. பயிற்சியாளர் திரையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவர் கண் கலங்கிவிட்டது. "நாலே வாரங்க சார். பதினேழரையில இருந்து இருபத்து மூன்றரை. பாத்தயா கண்ணு, நீ இழுத்தது வீண் போகலை."

அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் வேறு யார் முகத்திலும் பார்த்ததில்லை. "அம்மா தெனம் திட்டும் சார், ஜன்னல் கம்பி பேந்துரும்னு" என்றாள்.

"இனி கொறச்சுக்கலாங்களே" என்றேன் நான்.

"அதெப்படிங்க. இப்ப விட்டா திரும்ப எறங்கிருமுங்க. ட்ரையல் வரைக்கும் புடிச்சுக்கணும்" என்றார் பயிற்சியாளர். இருநூறை இருநூற்றைம்பதாக ஆக்கினார்.

அங்கே சொல்லியிருக்க வேண்டும். ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். எதிரே மூன்றடி தூரத்தில் இரண்டு பேரும் நின்றிருந்தார்கள். வேறு யாரும் இல்லை. இன்றைக்கும் அந்த இடத்தைத்தான் திரும்பத் திரும்ப நினைக்கிறேன். அவர்கள் அவ்வளவு சந்தோஷமாக இருக்கும்போது எப்படிச் சொல்வது என்று தோன்றியதாக என்னிடமே சொல்லிக்கொண்டிருக்கிறேன். அது பொய். அந்தச் சந்தோஷத்தில் எனக்கும் பங்கு கிடைத்துக்கொண்டிருந்தது.

ஆறாவது வாரம் அவள் என்னிடம் தனியாக வந்தாள். பயிற்சியாளர் படகைத் தூக்கி வைக்கப் போயிருந்தார். "சார், ஒண்ணு கேக்கட்டுங்களா. இப்பத்தான் படகு வலது பக்கம் ஒதுங்குது. சுக்கானைத் தொடாம போக முடியலை. அப்பறம் இந்த எடது தோள்ல, கையத் தூக்கறப்ப உள்ள குத்துதுங்க. கோச் சார்கிட்ட சொன்னேன். கிராஃபைக் காட்டி, வலு ஏறறப்ப அப்படித்தான் இருக்கும்னாங்க. நீங்க என்ன நெனைக்கறீங்க?"

இவ்வளவு தெளிவாக அவள் கேட்டாள். தன் உடம்பு சொன்னதையும் படகு சொன்னதையும் ஒன்றுவிடாமல் என் முன்னால் வைத்தாள்.

"கொஞ்சம் ஐஸ் வெச்சுப் பாரும்மா" என்றேன்.

எட்டாவது வாரம், ஒரு புதன்கிழமை காலை, தண்ணீரில் நடுவழியில் அவள் துடுப்பை மடியில் போட்டுக்கொண்டு படகை நிறுத்திவிட்டாள். படகைக் கயிறு கட்டி இழுத்துவந்தார்களாம். நான் அங்கே இல்லை. குழுவில் படித்தேன். டாக்டர் தோள்பட்டைத் தசைநாரில் கிழிசல் என்று சொல்லி, மூன்று மாதம் துடுப்பைத் தொடக் கூடாது என்றார். ஒரே பக்கம் அளவுக்கு மீறி இழுத்ததால் வந்தது என்று சீட்டிலேயே எழுதியிருந்தார். அந்தச் சீட்டின் படமும் குழுவில் வந்தது. பத்தாவது வாரம் ட்ரையல் நடந்தது. அவள் போகவில்லை.

அதற்குப் பிறகும் ஒரு வாரம் பேசாமல் இருந்தேன். என் மனைவி என்னிடம் எதையும் கேட்பதை நிறுத்தியிருந்தாள். ஒரு நாள் காலை, டிபன் டப்பாவை எடுத்து வைத்துவிட்டு, "அந்தப் புள்ளைக்குத் தன்ற கைமேலயே கோவமா இருக்குமுங்க. அதையாவது போக்கிட்டு வாங்க" என்றாள். அதற்கு மேல் என்னால் இருக்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மண்ணரைக்குப் போனேன். வரிசையாக எட்டு வீடுகள், ஒரே குழாய். அவளுடைய அம்மா துணி துவைத்துக்கொண்டிருந்தார். என்னைக் குளத்தில் ஒரு தடவை பார்த்திருக்கிறார். கையைத் துடைத்துக்கொண்டு, "வாங்க சார், உள்ள வாங்க, பிள்ளையப் பாக்க வந்தியளா" என்று கூப்பிட்டு நாற்காலியைப் போட்டார். அவள் சுவரில் சாய்ந்து, இடது கையைக் கழுத்தில் கட்டிய துணியில் தொங்கவிட்டு, மடியில் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தாள். எழுந்திருக்கப் பார்த்தாள். வேண்டாம் என்றேன். ஜன்னல் கம்பியில் ரப்பர் பட்டை அப்படியே கட்டியிருந்தது.

உட்கார்ந்தால் பேச்சு வராது என்று நின்றுகொண்டே சொன்னேன். "உன்ற இடது கையில எந்தக் கொறையும் இல்ல கண்ணு. ஆரம்பத்துல இருந்தே இல்ல. நான் எடையத் தப்பான எடத்துல தொங்கவிட்டு அளந்துட்டேன். அதனால மிஷினு கம்மியாக் காட்டுச்சு."

அவள் மடியிலிருந்த புத்தகத்தை மூடினாள். "எப்பத் தெரிஞ்சுதுங்க சார்?"

"ஏழு வாரம் ஆச்சு."

அவள் மனதுக்குள் கணக்குப் போடுவது தெரிந்தது. "அப்ப நான் வலிக்குதுன்னு உங்ககிட்ட வந்து சொன்ன அன்னைக்கு?"

"தெரியும்."

வெளியே குழாயில் தண்ணீர் குடத்தில் நிறைந்து வழியும் சத்தம் கேட்டது. அவளுடைய அம்மா போய் நிறுத்தவில்லை. எனக்குக் காபி போட எடுத்த பாத்திரத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். பிறகு பேசினார். சத்தம் போடவில்லை.

"சார், நாங்க லைன்ல உக்காந்து தைக்கோம். ஒரு பீஸு தப்பாப் போச்சுன்னா கையத் தூக்கிச் சூப்பர்வைசர்ட்ட சொல்லிருவோம். ஏச்சு விழும். ஆனா அதோட போயிரும். சொல்லாம விட்டா மொத்த லாட்டும் போயிரும்லா. இது எங்களுக்கே தெரியும். நீங்க படிச்சவிய."



"அம்மா, விடு" என்றாள் அவள். பிறகு என்னிடம், "சார், அந்த மொத நாளு எடுத்தது இருக்குதுங்களா? அதச் சரியான கணக்குல திரும்பப் போட்டுக் காட்ட முடியுமாங்க?"

பையில் லேப்டாப் இருந்தது. தரையில் உட்கார்ந்து, பழைய பதிவைத் திறந்து, இடது பக்கத்துக்குச் சரியான எண்ணைக் கொடுத்தேன். மலைகள் மாறின. வலது இருபத்திரண்டு, இடதும் இருபத்திரண்டு. இருநூறு மீட்டருக்கும் ஒரே உயரத்தில் வரிசையாக நின்றன. அவள் வலது கையால் கணினியைத் தன் பக்கம் திருப்பி, முதல் ஸ்ட்ரோக்கிலிருந்து கடைசி வரைக்கும் மெதுவாக நகர்த்திப் பார்த்தாள்.

"எனக்கு அன்னைக்குச் சரியாத்தான் இருந்துச்சு சார்" என்றாள். "எனக்குத்தான் ஒண்ணும் தெரியலைன்னு நெனச்சுட்டேன்." அப்போதுதான் அவள் அழுதாள். அவளுடைய அம்மா என்னைப் பார்த்து, "நீங்க போய்ட்டு வாங்க சார்" என்றார்.

அங்கிருந்து நேராகக் குளத்துக்குப் போனேன். பயிற்சியாளர் படகுக்கு மெழுகு தேய்த்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன், பேட்டரிப் பொய்யையும் சேர்த்து. அவர் தேய்த்துக்கொண்டே கேட்டார். முடித்ததும் துணியைக் கீழே வைத்தார்.

"புள்ள வலிக்குதுன்னு வந்து நின்னப்ப நான்தானுங்க கிராஃபைக் காட்டி அனுப்புனேன். முப்பது வருசமா தண்ணியப் பாத்தவன், அன்னைக்குப் படகு நேராப் போனதப் பாத்துட்டுத்தான் நின்னேன். என்ற மேலயும் தப்பு இருக்குதுங்க." துணியைத் திரும்பக் கையில் எடுத்துக்கொண்டு, "ஆனா எனக்குத் தெரியாதுங்க. உங்களுக்குத் தெரியும். அது வேறைங்க" என்றார்.

சென்சார்களைப் பிரித்து எடுத்துவிடவா என்று கேட்டேன். "இருக்கட்டும், மிஷினு என்ன பண்ணுச்சு" என்றார். ஆனால் அதற்குப் பிறகு என்னைக் கூப்பிடவில்லை. குழுவிலிருந்து நானே விலகிக்கொண்டேன். கூடத்தில் மேனேஜரிடமும் எடைக்கற்களைப் பற்றிச் சொன்னேன். அவர், "கேட்டிருந்தாக் குடுத்திருப்பனே" என்றார். அவ்வளவுதான். அதற்காகவா பயந்தேன் என்று இருந்தது.

அவள் மூன்று மாதம் கழித்துத் திரும்பத் துடுப்பைப் பிடித்தாள். அடுத்த வருட ட்ரையலுக்குப் போனாள். தேர்வாகவில்லை. கொஞ்சத்தில் தவறியது என்று அந்தக் கம்பாக்டிங் யூனிட்காரர் வழியில் பார்த்தபோது சொன்னார். தோள் சரியாக இருந்திருந்தால் தேர்வாகியிருப்பாளா என்று அவரிடம் கேட்டேன். "அதை யாருங்க சொல்ல முடியும்" என்றார். முந்தின வருடம் போயிருந்தால் தேர்வாகியிருப்பாளா என்பதையும் யாரும் சொல்ல முடியாது. எந்தக் கருவியிலும் போட்டுப் பார்க்க முடியாத கணக்கு அது. அதைத்தான் நான் அடிக்கடி போட்டுப் பார்க்கிறேன்.

போன மாதம் அவிநாசி ரோட்டில் ஒரு பஸ் நிறுத்தத்தில் அவளைப் பார்த்தேன். நான் கவனிக்காததுபோல் போய்விடத்தான் நினைத்தேன். அவளே "சார்" என்று கூப்பிட்டாள். படிப்பு முடிந்து, ஒரு ஏற்றுமதிக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் குளத்துக்குப் போகிறாளாம். புதிதாக வந்த நான்கு பெண்களைப் பற்றிச் சொன்னாள். அவர்களில் ஒருத்தி நன்றாக வருவாள் என்றாள்.

"வலி இருக்குதா?" என்று கேட்டேன்.

"மழை நாள்ல மட்டுந்தானுங்க. பழகிருச்சு."

இன்னும் ஏதோ சொல்ல வேண்டும் என்று வாயெடுத்தேன். அதற்குள் அவளுடைய பஸ் வந்துவிட்டது. கூட்டம். படியின் இடது பக்கக் கம்பிதான் அவளுக்குப் பக்கத்தில் இருந்தது. அவள் உடம்பை முழுதாகத் திருப்பி, வலது கையை நீட்டி அந்தக் கம்பியைப் பிடித்து ஏறினாள். பின்னால் நின்றவர்கள் அவள் ஏறும்வரை காத்திருந்தார்கள்.